கப்பலுக்கு ஓடுகிறவர்கள்

கோசுமெல் தீவில் சாயங்காலப் பொழுதுபோக்குக்குச் செலவே கிடையாது. நாலரைக்குக் கப்பல் சங்கு ஊதும். கால் மணியில் ஏணியை எடுத்துவிடுவார்கள். காலையில் ஊர் பார்க்க இறங்கிய சீமான்கள் பீர் வயிற்றோடு, என்னிடம் வாங்கிய தொப்பியைத் தலையில் அமுக்கிக்கொண்டு அந்தக் கால் மணியில் ஓடிவருவார்கள் பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி. நானும் பழக்கடை செலோ அக்காவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடுவோம். செருப்பு கழன்றால் ஐந்து. பெண்டாட்டியை விட்டுவிட்டுப் புருஷன் முன்னால் ஓடினால் பத்துக்குப் பத்து.

என் புருஷன் வில்பெர்த்தும் கப்பலில்தான் வருகிறான். பயணியாக இல்லை, பயணிகளின் அறையைத் துடைப்பவனாக. பதினொரு வருஷமாக, பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய். பகல் பதினோரு மணிக்கு இறங்கினால் நாலரைக்குள் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் வேலை காலி.

அன்று இறங்கியவனிடம் வழக்கம்போல, "வாங்க சார், கோசுமெலுக்கு நல்வரவு. தொப்பி பாக்கறீங்களா?" என்றேன்.

"தொப்பி வேணாம். பெண்டாட்டி இருந்தா ஒண்ணு குடுங்க" என்றான்.

அடுத்த பேச்சிலேயே குண்டைத் தூக்கிப் போட்டான். கப்பல் அலாஸ்காவுக்குப் போகிறதாம். பனிக்கட்டி பார்க்க ஜனங்கள் முட்டி மோதுகிறார்களாம். இனி அக்டோபரில்தான் இந்தப் பக்கம்.

"ஓ, பனிக்கட்டியா? நம்ம வீட்டு பிரிட்ஜ்லயே நிறைய இருக்கே, காட்டலாம்ல?" என்றேன். சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடையைச் செலோ அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அங்கே மாமியார் மிளகாயைக் கருகச் சுட்டு அரைத்து வான்கோழிக் குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூவாயிரம் பேருக்குப் பொங்கிப்போடும் கப்பலில் தன் பிள்ளை மட்டும் பட்டினி கிடப்பதாக அவளுக்கு எண்ணம். ஊட்டி முடிக்க இரண்டு மணி நேரம். அடுத்து மகள் சூமி. அப்பாவின் போனில் விளையாடியே சார்ஜைத் தீர்த்தாள். பிறகு, கப்பல் அறைகளில் செய்வதுபோல துண்டை மடித்து யானை செய்யச் சொன்னாள். வீட்டில் இருந்த நாலு துண்டும் யானையாகிவிட்டன. இனிக் குளித்தால் யானையால்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டரைக்கு ஊஞ்சல் படுக்கையில் சாய்ந்தவன் தூங்கியே போனான். ஏழு மாதத்துக்கு என் பங்காக எனக்குக் கிடைத்தது குறட்டை.

வீட்டுக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவான். எங்கள் வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. அதை எடுத்தேன். முள்ளை அரை மணி பின்னால் தள்ளினேன்.

எழுந்ததும் பார்த்தான். மூன்று இருபது. "அட, இன்னும் நேரம் இருக்கே!" என்று என்னையும் ஊஞ்சலுக்குள் இழுத்துக்கொண்டான். கூரை ஒழுகுவதைச் சொன்னேன். கடைவாய்ப் பல் வலிப்பதைச் சொன்னான். பெரிய காதல் வசனம் ஒன்றும் இல்லை. ஆனால் பதினொரு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நாங்கள் பேசியதில்லை.

அப்போது சங்கு ஊதியது.

வில்பெர்த் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு. என்னைப் பார்த்தான். நான் யானைகளைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைக் கையில் மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இருபது நிமிஷ நடைத் தூரம். ஐயோ, வேலை போனால் என்ன செய்வோம் என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

துறைமுகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செலோ அக்கா, "வந்துட்டான்டா இன்னிக்கு ஆளு! அடடே, செருப்பும் போச்சு! அஞ்சு மார்க்!" என்று கை தட்டினாள். பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. "அடியே நெரேய்டா, இது உம்புருஷன்டி!"

"தெரியும்! வாய மூடு!" என்று கத்திவிட்டு, வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஓடு வில்பெர்த்! ஓடுய்யா!" என்று தொண்டை கிழியக் கூவினேன். அவனைப் போகவிடாமல் செய்ய நினைத்த அதே பாவிதான்.

ஏணியைப் பாதி தூக்கிவிட்டார்கள். அவன் கையாட்டிக் கத்தியதும் திரும்ப இறக்கினார்கள். மேலே ஏறி நின்று, மூச்சு வாங்கத் திரும்பினான். கடிகாரத்தைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்டினான். திட்டப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அரை மணின்னா ஓடிப் பிடிச்சிருவேன்டி, நெரே!" என்று கத்தினான். "அக்டோபர்ல வரும்போது ஒரு மணி நேரம் தள்ளி வை!"

"என்னடி சொல்றான்?" என்றாள் செலோ அக்கா.

"ஒண்ணுமில்ல. எத்தனை மார்க்னு கேக்கறான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பல்வரை நீளும் பாலத்தில் கிடந்த அவன் செருப்பை எடுத்துவர உள்ளே போனேன்.