பேருந்து நிறுத்தத்துக்குப் போகாத மூவர்

பத்தாண்டுகளாக அவள் பார்க்கும் வேலைக்கு அவள் அம்மாவால் ஒரு பெயர் வைக்க முடியவில்லை. யாராவது கேட்டால், "பசங்க பொண்ணுங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக் குடுக்கறா. அடிதடி வராம பாத்துக்கறா. போலீஸ் இல்லைங்க, டீச்சரும் இல்ல" என்று சொல்லி மூச்சு வாங்குவாள். மாணவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. ஓயாமல் கேள்வி கேட்பதால் 'கேள்வி அக்கா' என்று வைத்துவிட்டார்கள்.

அன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பிரிவுக்கு வகுப்பு. பட்டறையை ஒட்டிய அறையில் முப்பது பையன்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன் எழுந்தான். எல்லோருக்கும் அவன் 'கம்பம்'.

"அக்கா, லவ்வுன்னா ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. போன் பாஸ்வேர்ட் கேட்டா குடுக்கணும். குடுக்கலைன்னா மனசுல ஏதோ தப்பு இருக்கு."

விசில் பறந்தது.

"சரி. உன் போனைத் திறந்து பக்கத்துல இருக்கறவன்கிட்ட அஞ்சு நிமிஷம் குடு."

அவன் கை சட்டைப்பையை இறுகப் பற்றியது. "அதெப்படிக்கா?"

"ஏன், மனசுல ஏதாவது தப்பா?"

அறையே சிரித்தது. கம்பம் மட்டும் முகம் சுருங்கி உட்கார்ந்தான். அவள் அதைக் கவனித்தாள்.

வகுப்பு முடிந்ததும் அவன் கூட்டாளிகள் மூவர் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"அக்கா, தையல் பிரிவுல ஒரு பொண்ணு கம்பத்தோட பேசறதை நிறுத்திடுச்சு. சாயந்தரம் பஸ் ஸ்டாப்புல மறிச்சு, போனைப் பிடுங்கிப் பாக்கணும்ங்கறான். நாங்க சுத்தி நிக்கணுமாம்."

"நீங்க இல்லாம போவானா?"

"மாட்டான்க்கா."

"அப்போ இது யார் கையில இருக்கு?"

"எங்க கையிலதான்க்கா" என்றான் ஒருவன்.

"அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? இப்பவே என்கிட்ட சொல்லிப் பாருங்க."

முதலாமவன், "டேய், அது வந்து..." என்று இழுத்தான். இரண்டாமவன் மேடைப்பேச்சே பேசினான். மூன்றாமவன், "நாங்க வரலைடா. நீயும் போகாதே. வா, டீ குடிக்கலாம்" என்றான்.

"இது போதும். உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லியே ஆகணும்."

அவர்களை மட்டும் நம்பி அவள் சும்மா இருந்துவிடவில்லை. நேரே தையல் பிரிவுக்குப் போனாள். ஆசிரியையை வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "உனக்கு என்ன வேணும்?"

"அவன் என் வழியில வராம இருந்தா போதும்க்கா." நிலைய முதல்வருக்கு அதையே புகாராக எழுதியும் கொடுத்தாள்.

மாலையில் ஆசிரியை அந்தப் பெண்ணுடன் நிறுத்தம் வரை நடந்தாள். பேருந்து வந்தது; பெண் ஏறினாள். யாரும் மறிக்கவில்லை.

டீக்கடையில் மூவருக்கும் நடுவே கம்பம் உட்கார்ந்திருந்தான். கேள்வி அக்கா எதிரே அமர்ந்தாள்.

"யாரு சொன்னது?" என்றான் அவன்.

அவள் கடைக்காரரிடம் ஒரு டீ சொன்னாள்.

"நாங்கதான்டா" என்றான் மூன்றாமவன்.

கம்பம் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "அவ ஏன் பேசலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அது அவ இஷ்டம். அழணும்னா அழு. தேடிப் போகாதே. நாளைக்கு முதல்வர் கூப்பிடுவார், நானும் இருப்பேன்."

அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்தான். ஒருவன் அவன் தோளில் கை போட்டான்.

இனி அந்தப் பெண்ணின் வழியில் குறுக்கிடுவதில்லை என்று மறுநாள் எழுதிக் கொடுத்த கம்பம், சொன்னபடியே நடந்தான். அந்தப் பெண் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை. மாதக் கடைசியில் முதல்வர் கேள்வி அக்காவிடம், "மத்தப் பிரிவுகளுக்கும் வர முடியுமாம்மா?" என்று தயங்கிக் கேட்டார். அவள் கால அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தாள்.