படகுப் படத்தின் கடைசிக் கால் மணி நேரம்

வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, அந்த மூன்று பேரும் ஒரே அறையில் வந்து சேர்வார்கள். மூவருக்கும் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. ஆளுக்கொரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் மெஷின், கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒரு குழாய் வழியே போய்ச் சுத்தமாகி இன்னொன்றின் வழியே திரும்பி வரும். அதற்கு நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கத் தடை இல்லை. அந்தச் சலுகையை மூவரும் வீணாக்கியதில்லை.

ஜன்னலோரம் இருப்பவர் டிரைவர். இருபது வருஷம் பஸ் ஓட்டினார். உடம்புக்கு முடியாமல் போன பிறகு, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று டிப்போவில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளும் வேலைக்கு மாறினார். நடுவில் கணக்கு டீச்சர். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்காமல் விடமாட்டார். கதவோரம் தையல்காரர். மூவரில் மூத்தவர், மெதுவாகப் பேசுபவர். மற்றவர்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வம்பு ஒரு பத்திரிகையிலிருந்து வந்தது. இந்த நூற்றாண்டில் இதுவரை வந்த சிறந்த படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். டீச்சர் அதைச் சத்தமாகப் படித்தார். பாதிப் படங்களை மூவருமே கேள்விப்பட்டதில்லை.

"இதை யாரு போட்டது? இவங்க தியேட்டர் பக்கம் போனதுண்டா?" என்றார் டிரைவர்.

"நாமளே ஒண்ணு போட்டா என்ன?" என்றார் தையல்காரர்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யார் எத்தனை கிலோ இருந்தார்கள், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று சிஸ்டர் அதில் எழுதிவைப்பாள். பலகையின் ஓரத்தில் ஒன்று முதல் பத்து வரை இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒரு படம் அதில் ஏற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டம் போட்டது, சொல்லவே வேண்டாம், டீச்சர்.

முதல் அடி தையல்காரருக்கு விழுந்தது. அவர் உயிரை விடும் சிரிப்புப் படம் இரண்டாயிரம் டிசம்பரில் வந்தது.

"இந்த நூற்றாண்டு ரெண்டாயிரத்து ஒண்ணுலதான் தொடங்குது மாஸ்டர். அது போன நூற்றாண்டுப் படம்."

"ஒரு வாரம்தானேம்மா வித்தியாசம்!"

"ஒரு நாளா இருந்தாலும் கணக்கு கணக்குதான்."

தையல்காரர் அன்று முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டீச்சருடைய லிஃப்ட் படம் பலகையில் ஏறியது. ஆறு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போடும் படம் அது. "எனக்கு உங்க மூணு பேரையும் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி சிஸ்டரும் அதற்கு ஆதரவு தந்தாள். தையல்காரர் சொன்ன நாய் படமும் ஏறியது. முதல் இடத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

அந்த இடத்துக்கு டிரைவர் ஒரே படத்தைத்தான் சொன்னார். படகுப் படம். மூன்று வாரம் விடாமல் வாதாடினார்.

"ஒரு அப்பன், ஒரு பொண்ணு. அம்மா இல்ல. அவன் ஆத்துல படகு ஓட்றவன். ஒரு நாள் வெள்ளம் வந்து பாலம் உடைஞ்சுபோகுது. அக்கரையில மாட்டினவங்களைக் கூட்டிவரப் போறான். எட்டு வயசுப் பொண்ணு கையில டார்ச்சைக் குடுத்து, 'இதை ஆட்டிக்கிட்டே நில்லு, வெளிச்சத்தைப் பாத்து வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போறான். அவ ஆட்டிக்கிட்டே நிக்கறா. இருட்டுது. தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது. அப்படியே திரை அணைஞ்சிடுது. வந்தானா, வரலையா? நம்மகிட்டயே விட்டுடறான் பாருங்க. அதுதான் சினிமா!"

சுதந்திரமாக இருந்த கையை டார்ச் மாதிரி ஆட்டிக் காட்டினார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எந்தப் படத்தைச் சொல்றீங்க? நானும் அந்தப் படகுப் படத்தைப் பாத்தேன். போன மாசம் டிவியில போட்டாங்க. அதுக்கப்புறம் கால் மணி நேரம் ஓடுதே. அப்பா திரும்பி வர்றார். பொண்ணு வளந்து கல்யாணம் நடக்குது. புதுப் பாலத்து மேல எல்லாரும் சேந்து ஒரு ஆட்டம் வேற!"

டிரைவரின் மெஷின் 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. ஆட்டக் கூடாத கையை ஆட்டிவிட்டார். சிஸ்டர் ஓடிவந்து குழாயைச் சரிபண்ணினாள். "அண்ணே, படத்துல வெள்ளம் வரட்டும், இங்க வேணாம்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. டிரைவரின் முகம் அப்படி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

"நான் கடைசி வரைக்கும் பாக்கலை டீச்சர். அந்தப் பொண்ணு டார்ச்சோட நிக்கறப்ப மச்சினி போன் பண்ணா. என் வீட்டுக்காரிக்கு வலி வந்துடுச்சுன்னு. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். சாயங்காலம் பொண்ணு பொறந்துட்டா."

"அப்புறம் எப்பவுமே பாக்கலையா?"

"பாக்கலை. படம் எப்படின்னு கேட்டவங்ககிட்ட நான் விட்ட இடத்தோட நிறுத்திச் சொன்னேன். எல்லாரும் ஆஹான்னாங்க. பத்தொம்பது வருஷம் சொல்லிச் சொல்லி, படமே அப்படித்தான் முடியுதுன்னு எனக்கே ஆயிடுச்சு."

டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப பாதிப் பரீட்சை எழுதிட்டு நூத்துக்கு நூறு கேட்டிருக்கீங்க" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். டிரைவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த முறை வந்தபோதும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாத அறையில் மூன்று மெஷின்களின் சத்தம்தான் கேட்டது. நான்கு மணி நேரம் எட்டு மணி நேரம் போல இழுத்தது.

"டீச்சரம்மா, தம்பி முகம் ரெண்டு இஞ்ச் சுருங்கிப்போச்சு" என்றார் தையல்காரர் மெதுவாக. "பிரிச்சுத் தைக்க வேண்டியது நீங்கதான்."

டீச்சருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்று டிரைவரைக் கூட்டிப்போக அவர் மகள் வந்தபோது, அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவளைத் தன் பக்கம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாலதான் பாக்காம விட்டாரா? எனக்குத் தெரியவே தெரியாது! சின்ன வயசுல இந்தக் கதையைச் சொல்லித்தான் தூங்கவைப்பார். கடைசியில டக்குனு லைட்டை அணைச்சிடுவார். அப்பா வந்தாரா வரலையான்னு நான் அழுவேன்."

"அந்தப் படத்தை எங்கயாவது பிடிச்சுக் கொண்டுவர முடியுமாம்மா?"

சனிக்கிழமை அவள் ஒரு பென் டிரைவோடு வந்து நின்றாள். சிஸ்டர் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். கை கழுவுவது எப்படி என்றே எந்நேரமும் காட்டிக்கொண்டிருந்த சுவர் டிவியில் அன்று முதல் முறையாகப் படம் ஓடியது. டிரைவருக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. டைட்டில் இசை வந்ததும் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் டிரைவர் ஒவ்வொரு காட்சியையும் அது வருவதற்கு முன்னாலேயே சொன்னார். வெள்ளம் வந்தது. பாலம் உடைந்தது. சிறுமி டார்ச்சை ஆட்டினாள். அங்கிருந்து டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து படகு வந்தது. அப்பா கரையில் இறங்கி, கால் நிற்காமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்து வந்து, அவன் சட்டை நுனியைப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு, "எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா? கை வலிக்குது" என்று திட்டினாள்.

டீச்சர் டிவியில் பார்த்தபோது இந்த இடத்தில் அடுப்படிக்குப் போயிருந்தார். ஆக, அவரும் முழுப் பரீட்சை எழுதவில்லை. அதை அப்போதே ஒப்புக்கொண்டார். ஆனால் டிரைவர் காதில் விழவில்லை. அவர் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற மகள் உள்ளே வந்து, நாற்காலியின் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் கல்யாணமும் ஆட்டமும் வந்தன. ஆட்டம் சகிக்கவில்லை. பாலத்துக்கு எதற்கு அத்தனை பலூன் என்று தையல்காரர் கேட்டார். மாப்பிள்ளையின் கோட்டுத் தோள் இறங்கியிருப்பதைப் பார்த்து அவருக்கு வயிறே எரிந்தது.

படம் முடிந்ததும் டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒத்துக்கறேன். உங்க முடிவுதான் நல்ல முடிவு. சினிமாவா பாத்தா அங்கயே அணைச்சிருக்கணும்."

"இல்ல டீச்சர்," என்றார் டிரைவர். "நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். வந்தானா வரலையான்னு தெரியாம இருக்கறதுதான் பெரிய விஷயம்னு. அப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு, ஒரு வியாதி கிடையாது." மெஷினைத் தலையால் காட்டினார். "இப்ப இதுல உக்காந்துக்கிட்டுப் பாக்கறப்ப, அவன் வந்துடட்டும்னு இருக்கு. வந்துட்டான். நல்லா இருக்கு."

சிஸ்டர் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். "என்ன எழுதட்டும்?"

"முதல் இடம்," என்றார் தையல்காரர்.

"ஆட்டத்துக்கு அரை மார்க் குறைக்கணும்," என்றார் டீச்சர். "ஆனா முதல் இடம்."

"ஆட்டத்துக்கு ரெண்டு மார்க்கே குறைங்க," என்றார் டிரைவர். "மூணாவது இடம் போதும். முதல் இடத்துக்கு இன்னும் தேடுவோம். அவசரமா என்ன?"

அப்படியே எழுதப்பட்டது. ஊசிகளை எடுத்து, கட்டுப் போட்டு, எடை பார்த்து அனுப்ப மணி பதினொன்றரை ஆகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்த நாளில் டிரைவருக்குக் கால்கள் பஞ்சு மாதிரி இருக்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நிதானமாக நடந்தார். வெயில் இதமாக இருந்தது.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கு அந்தக் கல்யாண ஆட்டம் பிடிச்சிருந்துச்சு."

டிரைவர் நின்றுவிட்டார். "அதுவா? அந்தப் பலூனா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"அத்தனை வருஷம் கழிச்சும் அந்த அப்பா அங்க நின்னு ஆடறார்ல. அதான்."

டிரைவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், "சரி, மொதல்லேருந்து வா, எதனால பிடிச்சுது, சொல்லு பாப்போம்" என்றார்.