ஊளை என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது, கதவின் கைப்பிடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். குடியிருப்பில் எல்லோருக்கும் ‘ப்ரூஃப் மேடம்’. பதினெட்டு வருஷப் பழக்கம், எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் பிழையைத்தான் தேடுவாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் படித்தாள்.

‘6ஆம் எண் வீட்டில் வசிக்கும் பெண் தினமும் காலையில் ஊளையிடுவதால் மற்ற குடித்தனக்காரர்களுக்கு இடையூறாக உள்ளது. பதினைந்து நாட்களுக்குள் அவரைத் தகுந்த இடத்தில் சேர்க்கவும். தவறினால் வீட்டைக் காலி செய்யவும். நகல்: வீட்டு உரிமையாளர். இப்படிக்கு, செயலாளர், குடியிருப்போர் சங்கம்.’

ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்து, நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார்கள்.

‘அந்தப் பெண்’ அவளுடைய தங்கை. முப்பத்தொரு வயசானாலும் வீட்டில் இன்னும் குட்டிதான். ரெண்டு வயசில் வந்த காய்ச்சலோடு பேச்சு போனது, திரும்பவில்லை. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு முனகல், கோபம் வந்தால் ஒரு உறுமல், மனசு நிறைந்திருந்தால் சொல்லே இல்லாத ஒரு நீளமான ராகம்.

“என்னடி காயிதம் அது?” என்று அம்மா கேட்டாள்.

அம்மாவுக்குக் காது சுத்தமாக மந்தம். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். உள் அறையில் குட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவள் காதில் விழும்படி எப்படிக் கத்துவது?

“தண்ணி வராதாம்மா! ரெண்டு மூணு நாளைக்கு!”

அம்மா அந்த நிமிஷமே எழுந்துபோய் வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் நிரப்ப ஆரம்பித்தாள்.

அவள் நேராக நாலாவது மாடிக்கு ஏறினாள். செயலாளர் கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

“இதை நீங்கதான் எழுதினீங்களா சார்?”

“போன மாசமே தீர்மானப் புத்தகத்துல சங்கம் எழுதினது மேடம். நான் கையெழுத்துதான்.”

“ஊளையிடறது நரி சார். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், நரி ஊளையிடும். ஆறாம் வகுப்புப் பாடம். மனுஷிக்கு அந்த வினைச்சொல் கிடையாது.”

“இலக்கணம் நடத்த வந்தீங்களா? நான் என் காதால கேட்டேன். பாத்ரூம் ஜன்னல் வழியா தினமும் வருது. அதுவும் ரெண்டு தினுசா. முதல்ல உசரமா, இழுத்து, ரத்தமே உறைஞ்சு போற மாதிரி. அப்புறம் தாழ்வா இன்னொரு மாதிரி. பாவம், நோய்தான். நான் தப்பாச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்.”

‘பாவம்’ என்று அவர் சொன்னதில் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனாலும் ஒரு சொல் மட்டும் படியிறங்கும்போது கூடவே வந்தது. ரெண்டு தினுசு. குட்டியின் குரலை முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியும். உசரமான தினுசு ஒன்று அவளிடம் கிடையவே கிடையாது.

காலை ஒன்பதுக்கெல்லாம் அச்சகம் போய்விடுகிறவள், மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். ஒரு நோட்டு, ஒரு பேனா, சுவர்க் கடிகாரம். அச்சகத்தில் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அதே ஒழுங்கில் குறித்தாள்.

செவ்வாய். 9.35: நேர் மேல் வீடு, 9ஆம் எண், பல் டாக்டரம்மா ஸ்கூட்டரில் கிளம்புகிறார். 9.41: மேலே, நாலு மாசம் முன்பு அவர் வாங்கி வந்த நாய், பேர் பவுடர், முதலில் சிணுங்குகிறது, பிறகு இழுத்துக் குரல் கொடுக்கிறது. 9.44: குட்டி சீப்பைக் கீழே வைத்துவிட்டு குளியலறைக்குப் போகிறாள். 9.45: ராகம். 9.46: நாய் நிறுத்துகிறது. குட்டி நிறுத்தியதும் நாய் சின்னதாக ஒன்று. குட்டி திரும்ப. நாய் திரும்ப. 9.58: இருவரும் அமைதி.

புதன்கிழமையும் அப்படியே, ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே.

வியாழக்கிழமை, மனசில்லாமல்தான், ஒரு சோதனை செய்தாள். குட்டியைக் குளியலறைக்குள் விடாமல் கூடத்திலேயே கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மேலே பவுடர் குரல் கொடுத்தது. விடாமல் கொடுத்தது. குட்டி கையை உதறினாள், அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சத்தம் போடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணில் நீர் கட்ட உட்கார்ந்திருந்தாள். மணி பத்தேகால். கதவு தடதடத்தது.

திறந்தால் செயலாளர்.

“கேளுங்க! நீங்களே கேளுங்க! இன்னைக்கு அரை மணி நேரமா உங்க தங்கச்சி...”

குட்டி அக்காவின் பின்னால் வந்து நின்றாள். அவரையே பார்த்தாள். உதடு மூடியிருந்தது. குளியலறைப் பக்கத்திலிருந்து அந்த உசரமான குரல் வந்துகொண்டே இருந்தது.

செயலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது. குட்டியைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“அப்போ... நாயா?”

“ஆமா சார். நாய். நாலு மாசமா ஒரு நாய்க்கும் ஒரு பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க.”

அவர் முகம் ஒரு நொடி கறுத்தது. பிறகு பட்டென்று தெளிந்தது. “சரி விடுங்க, நம்பரை மாத்திடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

மாத்தித்தான் விட்டார். சாயங்காலம் பல் டாக்டரம்மா கையில் காகிதத்தோடு இறங்கி வந்தார். அதே நோட்டீஸ். 6 இருந்த இடத்தில் 9, ‘பெண்’ இருந்த இடத்தில் ‘நாய்’. தகுந்த இடத்தில் சேர்க்கவும். மற்றபடி ஓர் எழுத்து மாறவில்லை.

“நான் வீட்ல இருக்கும்போது அவன் வாயே திறக்க மாட்டான் மேடம். எனக்குத் தெரியவே தெரியாது” என்றார் டாக்டரம்மா. “அவனை எங்கே கொண்டு விடறது?”

குட்டி வந்து அந்தக் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் குரலுக்குக் குரல் கொடுக்கிற ஒரே ஜீவன் மேலே இருந்தது. அதைத்தான் அக்கா, நோட்டும் பேனாவும் வைத்து, நிமிஷக் கணக்காகப் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். அம்மாவும் குட்டியும் கூட வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார்.

“முதல் விஷயம் நாய். ரெண்டாவது லிஃப்ட்.”

“முதல் விஷயம் நாய் இல்லை சார்” என்று எழுந்தாள் ப்ரூஃப் மேடம். “முதல் விஷயம் இந்தப் புத்தகத்துல போன மாசம் என் தங்கச்சியைப் பத்தி நீங்க எழுதின வரி. அது அப்படியேதான் இருக்கு.”

“அதான் முடிஞ்சு போச்சே மேடம். ஏதோ தெரியாம...”

“புத்தகத்துல முடியலையே! வீட்டு உரிமையாளர்கிட்ட நகல் இருக்கே! ரெண்டாவது, அந்த நாய் எங்கேயும் போகப் போறதில்லை. காலைல ஒன்பதரைக்கு டாக்டரம்மா அதை எங்க வீட்ல விட்டுட்டுப் போவாங்க. பேசிட்டோம்.”

“அப்போ இனிமே ஜோடிக் கச்சேரியா?” என்றது பின்வரிசையில் ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார்.

“சிரிங்க. நல்லா சிரிங்க” என்றாள். அவள் குரல் தாழவில்லை. “சார், உங்க மருமக பாட்டு கத்துக்கறாங்க. சாயந்திரம் ஆறுலேருந்து ஏழு வரைக்கும், ஒரு வருஷமா, அதே ரெண்டு வரி. நாங்க யாராவது நோட்டீஸ் எழுதினோமா? அதுக்கு ‘சாதகம்’னு பேரு வெச்சிருக்கு. இவ வாயைத் திறந்தா மட்டும் நரியோட வினைச்சொல்லைக் கொண்டு வந்து ஒட்டுவீங்களா?”

சிரிப்பு நின்றது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரிம்மா. ‘ஊளையிடுவதால்’ங்கறதை அடிச்சிட்டு ‘சத்தமிடுவதால்’னு போட்டுடறேன். போதுமா?”

“போதாது.”

“அப்போ என்னதான் போடறது? பேசறாங்கன்னு போட முடியாது. பாடறாங்கன்னா, அது பாட்டுமில்ல. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களுக்குச் சரியான சொல் எடுத்துக் கொடுத்தவள், மனசுக்குள் தேடிப் பார்த்தாள். ஆறாம் வகுப்புப் பட்டியலில் குட்டிக்கு என்று ஒரு வினை இல்லை.

அம்மா அவள் முந்தானையை இழுத்தாள். “என்னடி கேக்கறாரு?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? “குட்டி காலைல பாத்ரூம்ல என்ன பண்றான்னு கேக்கறாரும்மா!” என்று கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“அதுவா? மேல் ஜன்னல்ல அந்த நாய் மூக்கை நீட்டிக்கிட்டுக் கூப்பிடும். இவ போயி ஏன்னு கேப்பா. தினமும் நடக்கறதுதானே. எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே.”

ப்ரூஃப் மேடத்துக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் லீவு, ஒரு நோட்டு, ஒரு சோதனை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் சொல் கிடைத்துவிட்டது.

“அதைப் போடுங்க சார். போட்டு, முழு வரியையும் வாய்விட்டுப் படிங்க.”

செயலாளர் எழுதினார். படித்தார். “ஆறாம் எண் வீட்டில் வசிக்கும் பெண், கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதால், மற்ற குடித்தனக்காரர்களுக்கு இடையூறாக...”

அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் ஸ்கேலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அந்த வரியை அடித்தார். கீழே இருந்த நாய் வரியையும் அடித்தார்.

“பக்கத்துல கையெழுத்து, தேதி” என்றாள் அவள். “திருத்தம்னா அப்படித்தான். உரிமையாளருக்கு ஒரு நகல்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. படியேறும்போதும் அவளுக்கு ஆறவில்லை. குட்டி இரண்டிரண்டு படியாகத் தாவி, டாக்டரம்மாவையும் முந்திக்கொண்டு மேலே ஓடினாள்.

“ஏண்டி, தண்ணி எப்பத்தான் நிக்கும்?” என்றாள் அம்மா, மூச்சு வாங்க. “ஆறு நாளா வாளி வாளியா நிரப்பி வெச்சிருக்கேன். குளிக்கக் கால் வைக்க இடமில்லை.”

அவள் படியிலேயே நின்று, நாலாவது மாடி வரை கேட்கட்டும் என்று கத்தினாள்:

“தண்ணி நிக்காதும்மா! நான்தான் பொய் சொன்னேன்!”