கொம்பனின் முன்னங்கால்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் அந்தப் பெரிய மண்டையோட்டுக்குக் கொம்பன் என்று பெயர் வைத்தவர் அப்பாதான். ஆற்று மணலில் அவர் தோண்டியெடுத்தது. "உலகத்து மாட்டுக்கெல்லாம் பாட்டன், எவனுக்கும் அடங்காத காட்டுக்காளை" என்று வருபவர்களிடமெல்லாம் அளப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியைத் திறந்து என்னைத் தூக்கிப் பிடித்து அந்தக் கொம்பைத் தொடவைப்பார். கூடம் முழுக்க அந்துருண்டை வாசம். பயமும் பெருமையும் ஒன்றாக வரும். அந்த ஞாயிறுகளுக்காக இன்னும் ஏங்குகிறேன், சொல்ல என்ன வெட்கம்?

அங்கே காப்பாட்சியராக இருந்த அப்பாவின் நாற்காலியில் இப்போது நான். கொம்பனோடு கிடைத்த முன்னங்கால் மண் இறுகிப்போய் நாற்பது வருடமாக இழுப்பறையில் கிடந்தது. போன வாரம்தான் அதைச் சுத்தம் செய்தேன். மண் உதிர உதிர விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். குளம்புக்குள் இருக்கும் எலும்புகள் ஓரம் பிதுங்கி அகன்றிருந்தன. வருடக்கணக்காகப் பாரம் இழுத்த மாட்டுக்குத்தான் அப்படி ஆகும். காட்டுக்காளையாவது மண்ணாங்கட்டியாவது! காயடித்த எருதுக்குக் கொம்பு நீளமாக வளரும். அப்பா கொம்பை மட்டும் அளந்து ஏமாந்திருக்கிறார்.

"திங்கக்கிழமைக்குள்ள பலகைய மாத்திடுங்க மேடம்" என்றார் இயக்குநர், பல்பு மாற்றச் சொல்வதுபோல. 'காட்டுக்காளை. கண்டெடுத்தவர்' என்று அப்பா பெயரோடு பொறித்த பலகை அது. எண்பத்திரண்டு வயதில் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை.

"உங்களுக்கென்ன சார், வாய் வலிக்காம சொல்லிட்டீங்க. வீட்டுக்குப் போய் அவர் மூஞ்சிய பாக்கப்போறது நான்தானே!" என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டில் நுழைந்ததும் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "கொம்பன் எப்படியிருக்கான்?"

பொய் சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு எலும்பின் படத்தை நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க என்னம்மா வீங்கியிருக்கு?"

"முறிஞ்சு கூடின இடம்ப்பா. கோணலா சேர்ந்திருக்கு."

"அப்ப நொண்டியிருக்குமே."

"ஆமா. அதுக்கப்புறமும் பல வருஷம் உயிரோட இருந்திருக்கு."

"வேலைக்கே ஆகாத மாடு. ஆனாலும் யாரோ வெட்டாம விக்காம, கட்டிவெச்சு தினம் தண்ணி காட்டியிருக்கான்." சட்டென்று சிரித்தார். "எனக்கும் காட்டிடுச்சு பாரு, நாப்பது வருஷமா!"

நானும் சிரித்தேன், கண்ணில் நீரோடு. "பலகையில உங்க பேர் அப்படியே இருக்கும்ப்பா. சண்டை போட்டாவது வைக்கிறேன்."

"வேண்டாம், எடுத்துடு." படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "காட்டுக்காளைன்னா கண்டெடுத்தவன் பேரு போடலாம். இது இன்னொருத்தன் வீட்டு மாடும்மா."