மூன்றரை மணிக்குக் கிளம்பும் சிக்னல்

அந்த வீட்டு வைஃபை தினமும் பிற்பகல் மூன்றரை மணிக்கு வெளியே கிளம்பிப் போய், ஆறேகாலுக்குத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் முன்னதாகவே போனது. மழை நாட்களில் அது திரும்பி வந்ததும் வைஃபை பாக்ஸின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கும். அதைத் துடைப்பதற்கென்றே வீட்டுக்காரி மேசையோரம் ஒரு பழைய துண்டை மடித்து வைத்திருந்தாள்.

இரண்டாவது மாடியில் தனியாக இருந்த அவளைக் கட்டடத்தில் எல்லோரும் டைப்பிங்கம்மா என்றார்கள். டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பும் அறிக்கைகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. யாரோ ஒருவரின் கல்லீரல், யாரோ ஒருவரின் முழங்கால் என்று நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் உடம்போடுதான் புழக்கம். ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவள் கணவர் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போனார். சண்டை எதுவும் நடக்கவில்லை. இன்னொருத்தியும் இல்லை; இருந்திருந்தால் கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவர் சொன்னது அதுவல்ல என்பது, அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏதோ வேறு ஊருக்குப் போயிருப்பார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பாக்ஸ் மட்டும் அவர் மாட்டிவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான்.

வைஃபை எந்த வருடத்திலிருந்து வெளியே போகத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அவள் காலையில் வேலையை முடித்துவிட்டு மதியம் படுத்துக்கொள்பவள். அலுவலகம் அவளைப் பிற்பகல் வேலைக்கு மாற்றிய பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வைஃபை நிறுவனத்தின் புகார் எண்ணுக்குப் பேசினாள். அணைத்துவிட்டு முப்பது எண்ணிப் போடச் சொன்னார்கள், எண்ணிப் போட்டாள். முதலில் வந்த பணியாளர் பாக்ஸைக் கழற்றி அலமாரியின் உச்சியில் வைத்தார். இரண்டாமவர், சுற்றுவட்டாரத்தில் இருபத்தொரு வைஃபை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது என்று சொல்லி சேனலை மாற்றினார், மைக்ரோவேவ் அடுப்பைத் தள்ளி வைத்தார், கேபிளை மாற்றினார், கடைசியில் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டு பாக்ஸையே மாற்றினார். புது பாக்ஸின் வைஃபையும் மறுநாள் மூன்றரைக்குக் கிளம்பிவிட்டது. அவள் அலுவலக மேற்பார்வையாளர் போனில் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவை ரிப்போர்ட் லேட்டானா உங்க வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை."

மூன்றாவதாக வந்தவர் பணி ஓய்வுக்கு நான்கு மாதமே பாக்கியிருந்த ஒரு பெரியவர். அவர் எதையும் கழற்றவில்லை. மூன்றே காலுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சிக்னல் அளக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றரை ஆனதும் கருவியைப் பார்த்தபடியே எழுந்தார்.

"இப்ப வாசல்கிட்ட நிக்குது மேடம். வாங்க, பின்னாலயே போய்ப் பாத்துடுவோம்."

"வீட்டைப் பூட்டிக்கவா?"

"பூட்டிக்குங்க. எவ்ளோ தூரம்னு தெரியலை."

சிக்னல் படிவழியாகவே இறங்கியது. வயதானவர்களைப் போல ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கொஞ்சம் நின்றது. சலவைக் கடையைத் தாண்டும்போது அங்கே இஸ்திரி போடும் பெண்ணின் போனில் டைப்பிங்கம்மா வீட்டு வைஃபையின் பெயர் வந்து மறைந்தது. "இது தினம் இந்நேரத்துக்கு இந்தப் பக்கமா போகும்" என்றாள் அந்தப் பெண், தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. தபால் நிலையம், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில். சாலையைக் கடக்கும் இடத்தில் அது வண்டிகள் நிற்கும்வரை காத்திருந்தது. ஐந்தாவது தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி, பச்சைக் கதவு ஒன்றுக்குள் போயிற்று. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். இருமலுக்குப் பின் தொண்டையை இரண்டு முறை கனைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

ஒன்பது வருடங்களாக அவர் ஐந்து தெரு தள்ளி இருந்திருக்கிறார். அவள் காய்கறி வாங்கும் கடைக்கு இதைவிட தூரம் அதிகம்.

கதவைத் தட்டாமல் கீழே இறங்கி வந்தாள். தெருவில் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாஸ்வேர்டை மாத்திட்டீங்கன்னா வேற யாரும் உள்ள நுழைய முடியாது மேடம். அது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச வழி."

அன்று மாலையே மாற்றினாள். மறுநாள் சிக்னல் வழக்கம்போலப் போய், எட்டரைக்குத்தான் வந்தது. வந்தும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. அதற்கடுத்த நாள் போனது திரும்பவே இல்லை. பாக்ஸில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. வீட்டில் எந்த மூலையில் போனைப் பிடித்தாலும் ஒன்றும் இல்லை. கணவர் போன முதல் வாரத்தில்கூட அந்த வீடு அவளுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. பதினேழு அறிக்கைகள் அனுப்பாமல் கிடந்தன. மூன்றாம் நாள் லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஐந்தாவது தெருவுக்குப் போனாள். பச்சைக் கதவுக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில், சிக்னல் முழுசாக இருந்தது. உள்ளே விடாததால் முந்தின நாளிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். நான்காவது அறிக்கையில், ஒருவரின் இடது நுரையீரலின் பாதியில் இருந்தபோது கதவு திறந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவருக்கு. நகக்கண்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மூணு நாளா நெட்டு வரலை" என்றார்.

"பாஸ்வேர்டு மாத்திட்டேன்."

"ஓ."

"இவ்ளோ தூரம் எப்படி வருதுன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

"நல்ல பாக்ஸா பாத்து வாங்கினோம்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "என்ன பாப்பீங்க அதுல?"

அவர் செருப்பைக் காலால் நேராக்கி வைத்தார். "ஒண்ணும் பாக்கறதில்ல. கடையிலேர்ந்து வந்ததும் போனை எடுப்பேன். மேல அந்தக் கோடு வந்துடுச்சுன்னா, சரி, நீ நல்லா இருக்கேன்னு வெச்சுப்பேன். அப்புறம் குளிச்சிட்டு சமைக்கப் போவேன்."

"ஃபோன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணி என்ன பேச?"

அவள் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்க என்று அவளும் சொல்லவில்லை. மாடிக்கு மேலே யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. பிறகு அவள் புதிய பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் போனைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒற்றை விரலால், தப்பாக அடித்து அழித்து, மறுபடி அடித்தார். கோடு வந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலை வேலைக்கு மாறிக்கொண்டாள். வைஃபை நிறுவனம் புகாரை முடித்து வைத்தது. அதற்குப் பிறகு ஏழு வருடங்கள் போயின. அவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ளவில்லை, பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஒரு கோடையில் அவர் கண்பார்வை மங்கி, கடை வேலையை விட்டுவிட்டு, ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த அண்ணன் வீட்டோடு போய்விட்டார். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை கிளம்பிய சிக்னல் வியாழக்கிழமை மதியம்தான், ரயில் புழுதியோடு, களைத்துப்போய்த் திரும்பியது. அதிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். வாராவாரம் அது அப்படியே போய் வந்ததால், அறிக்கைகளை வெள்ளி, சனி, ஞாயிறில் முடிக்கப் பழகிக்கொண்டாள். மற்ற நாட்களில் வீடு அமைதியாக இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வருடாந்திரச் சோதனைக்கென்று நிறுவனத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். பாக்ஸைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி பாக்ஸைப் பார்த்தார்.

"சிக்னலே இல்லையே மேடம். பழுதுன்னு எழுதிடட்டுமா?"

"வேணாம் சார். ஊருக்குப் போயிருக்குன்னு எழுதிக்குங்க."

அவர் படிவத்தில் அப்படியே எழுதி, தேதி போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.