தெய்வநாயகி கூப்பிட்ட சாமி

1

எங்கள் சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கச் சாட்சி எழுதித் தரச் சொன்னார்கள். ஜேடர்பாளையம் பக்கத்துக் கிராமங்களுக்கு ஐந்து நாள் ஊழியப் பயணம் போய்வந்த பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் தமிழில் எழுதுகிறவளாம். உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. கோபத்தைச் சாட்சி என்று யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அதனால் இது கதை.

2

முதல் தொடக்கம்: "காவிரிக் கரையில் ஆத்தும அறுவடைக்குப் புறப்பட்ட நாங்கள்..."

(அடித்துவிட்டேன். அங்கே இருந்தவர்கள் மனிதர்கள். அறுத்துக் கட்டிக்கொண்டு வர அவர்கள் என்ன சோளத்தட்டா?)

இரண்டாம் தொடக்கம்: "மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நடுத்தெருவில் வாந்தி எடுத்தேன்."

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மே மாத வெயிலில் வீடு வீடாக இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுத்துக்கொண்டு போனதில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்தார். பெயர் தெய்வநாயகி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்.

"வா சாமி. எங்கூட்டுக்குள்ள வா சாமி."

எங்கள் குழுத் தலைவர் பிரபா அண்ணன், சென்னைக்காரர், இதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "செருப்ப அங்கயே உட்டுட்டு வந்து படு கண்ணு" என்று அந்த அம்மா அடுத்துச் சொன்னது படத்தில் இல்லை.

(ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையும் சாமி, கிழவரும் சாமி, வழி கேட்கிறவனும் சாமி. பிரபா அண்ணனுக்கு இது தெரியாது. சேலத்தில் பிறந்த எனக்குத் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.)

வாயைக் கழுவிவிட்டார். நாறிப்போன என் துப்பட்டாவை அலசிக் காயப்போட்டார். மூன்று நாளாக நான் ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, உங்களுக்குச் சமாதானம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மோர் உனக்குச் சேருமா சாமி?"

ஆறு வருஷமாக என் வாய் மட்டும்தான் ஜெபம் செய்துவந்தது. அந்தச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு "ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, அழுதேன். ஆண்டவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன். எதிர்ச்சுவரில் மாரியம்மன் படம் மாட்டியிருந்தது. அது எனக்கு இடைஞ்சலாகப் படவில்லை.

இதைத்தான் சாட்சியாக எழுதியிருக்க வேண்டும். ஆனால்

4

அன்று மாலைக் கூட்டத்தில் பிரபா அண்ணன் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். "இயேசு சாமியை வீட்டுக்குள்ள வாங்கன்னு அந்தச் சகோதரி கூப்பிட்டதைக் கேட்டீங்களா?" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எல்லோரும் கைதட்டினார்கள்.

[இந்த இடத்தில், நான் எழுந்து நின்று மறுத்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. சுத்தப் பொய். எடுத்துவிட்டேன்.]

நானும் தட்டினேன். ஊரும் பேரும் போட்டு, "ஒரு குடும்பம் ஆண்டவரை ஏற்றுக்கொண்டது" என்று படம் வாட்ஸப்பில் போனது.

5

பத்து நாள் கழித்து தெய்வநாயகியின் மகள் அபிநயா போன் செய்தாள். "என்னக்கா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" மறுநாளே பஸ் பிடித்துப் போனேன்.

மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுத்துப்போன தெய்வநாயகியின் தட்டைப் பூசாரி கையால் தொடவில்லை. நீதான் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாயே என்று ஊர் முன்னால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"முப்பத்திரண்டு வருசமா எடுக்கறன் சாமி. மாவு இடிச்ச கையி கூசிப்போச்சு." அவர் அழவில்லை. "நான் உன்னயத்தான கூப்புட்டன்? வேற ஆரக் கூப்புட்டன்?"

"என்னையத்தானுங்க."

"வார புதங்கெழம மறுபூச. கோயல்ல வந்து அத்தன பேரு முன்னால இதச் சொல்லிப்போடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"வாரனுங்க" என்றேன். அதற்கும் அவர் சோறு போட்டார்.

6

பிரபா அண்ணன் போனில் சொன்னார்: "அம்மன் கோயில்ல போய் நின்னு ஆண்டவரை மறுதலிக்கப் போறியா? எத்தனை பேர் விசுவாசம் உடையும் தெரியுமா?"

உடையட்டும். ஒரு பொம்பளை வாந்தி கழுவியதைத் திருடிக்கொண்டு வந்து நம் கணக்கில் எழுதிக்கொண்டால்தான் நிற்கும் என்றால், அது உடையட்டும். நான் மறுதலித்தது, கைதட்டினேனே, அந்தச் சாயங்காலம்தான். (இதை அவரிடம் சொல்லவில்லை. "சரிங்கண்ணா, யோசிக்கிறேன்" என்றேன். என் மேல்தான் முதல் கோபம்.) முப்பத்திரண்டு வருஷத்தை ஒரு செல்போன் படத்துக்காக மறந்துபோன அந்த ஊர்மேலும் கோபம்தான்.

7

முடிவு அ: போகிறேன், சொல்கிறேன், பூசாரி தட்டை வாங்கிக்கொள்கிறார். (சினிமா.)

முடிவு ஆ: சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. தெய்வநாயகி தட்டோடு

முடிவு இ: சபை என்னை நீக்குகிறது. நான் தனியாக, தலை நிமிர்ந்து நடக்கிறேன். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதில் தெய்வநாயகியே இல்லை என்பது எழுதி முடித்தபிறகுதான் தெரிந்தது. தூ.)

இன்று செவ்வாய்க்கிழமை. எந்த முடிவை எழுதினாலும் போய்வந்த நிம்மதி எனக்கு வந்துவிடும், நாளைக்குப் பஸ் ஏற மாட்டேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை.

நான் போனேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். போனதாகத்தான் சொல்வேன். அந்த அம்மாவைக் கேளுங்கள்.