கதவில் எழுதிய பெயர்

"லாரிக் கதவுல என்ன எழுதச் சொல்லியிருக்க?" என்று வெர்னா கேட்டாள்.

"என் பேரும், கீழ நம்பரும். ஏன், நீ வேற நான் வேறயா?"

பதினோரு வருடங்களுக்கு முன், டிப்பர் லாரி வாங்கிய அன்று அவள் கணவன் கிளீட் இப்படிச் சொல்லிச் சிரித்தான். என் பேரையும் சேர்த்துப் போடேன் என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததால் விழுங்கிவிட்டாள்.

அவர்கள் லாரி கென்டக்கி மாநிலத்தைத் தாண்டியதில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஓஹையோ. கதவிலிருந்த எண் கென்டக்கிக்குள் சரக்கு ஏற்றிச் செல்ல அரசு கொடுத்தது; அங்கே அது செல்லாது. குவாரியில் சல்லி ஏற்றி, உள்ளூர்ச் சாலை வேலைகளுக்குக் கொட்டித் திரும்புவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணின் பதிவைப் புதுப்பித்தவள் வெர்னாதான். உரிமம் வாங்கிப் பாதி நடைகள் ஓட்டியதும் அவள்தான். கதவில் மட்டும் அவள் இல்லை.

இந்த வசந்தத்தில் கிளீட்டின் கண்ணைப் பார்த்த டாக்டர், ஓட்டுநருக்கான மருத்துவச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஞாயிறு விருந்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கிளீட் லாரியைத் தன் தம்பி டோர்சியின் பேருக்கு எழுதிக் கொடுக்கப்போவதாக அறிவித்தான். அண்ணியிடம் கொடுத்தால் லாரி குவாரிக்குப் போகாது, சர்ச்சுக்குத்தான் போகும் என்றான் டோர்சி. மேசையே சிரித்தது. கிளீட்டும் சிரித்தான்.

லாரியோடு எண்ணும் போய்விடும் என்று அண்ணனும் தம்பியும் நினைத்தார்கள். மறுநாளே, இனி இது தன் லாரி என்று சொல்லி ஓட்டிப்போன டோர்சி சாலைச் சோதனையில் மாட்டினான். எண் லாரிக்குச் சொந்தமில்லை, பதிந்த ஆளுக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, சல்லியோடு லாரியை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இதை அவளிடம் முன்னமே கேட்டிருக்கலாம். அவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

செவ்வாய்க்கிழமை கிளீட் வெற்றுப் படிவத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"டோர்சி பேருக்குப் புதுசா ஒரு நம்பர் வாங்கணுமாம். உனக்குத்தான் இந்த எழவெல்லாம் தெரியும். ரோட்டுல நிக்கிற வண்டிய நீதான விடியக்காலைல கொண்டுவரணும், அவன் லேட்டாத்தான் எந்திரிப்பான்."

வெர்னா பேனாவை எடுத்தாள். முகவரி, வண்டியின் எடை, ஏற்றும் சரக்கு என்று வரிசையாக நிரப்பினாள். மேலே உரிமையாளர் பெயருக்கான கட்டத்தை விட்டுவிட்டாள்.

"அது காலியா இருக்கே?" என்றான் கிளீட்.

அவள் பேனாவை மூடினாள்.

"லாரிய டோர்சிக்குக் குடுக்காத, கிளீட். என் பேருக்கு எழுதிக் குடு."